அரச பாடசாலையில் யாருக்கு இடம்?

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த சில வாரங்களாகத் தங்கள் பத்திரிகையின் வாசகர் பக்கத்தில், சமயப் பெயர் தாங்கிய பாடசாலைகளின் தனித்துவம் பற்றிக் கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன. இந்துக் கல்லூரிக்கு இந்து ஆசிரியர், முஸ்லிம் வித்தியாலயத்துக்கு முஸ்லிம் ஆசிரியர், மிஷன் பாடசாலைக்குக் கிறிஸ்தவ அதிபர், இதுதான் நியாயம் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் பேசுவது தனியார் பாடசாலைகளைப் பற்றி அல்ல. அரசாங்கம் சம்பளம் கொடுக்கும், புத்தகம் கொடுக்கும், சீருடைத் துணி கொடுக்கும் பாடசாலைகளைப் பற்றி. ஆகவேதான் எழுதுகிறேன்.

நான் மட்டக்களப்பு மாவட்டத்து ஆரையம்பதியைச் சேர்ந்தவள். சைவ சமயி. கணிதம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். என் சேவைக் காலத்தில் ஒரு பகுதி தமிழ்ப் பாடசாலைகளில் கழிந்தது, ஒரு பகுதி முஸ்லிம் பாடசாலையில். அங்கே சேலை உடுத்து, நெற்றியில் பொட்டும் திருநீறும் வைத்துக்கொண்டுதான் போனேன். பொட்டை அழித்துவிட்டு வாருங்கள் என்று அதிபரோ பெற்றோரோ ஒருநாளும் சொன்னதில்லை. வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆவுக்காக நேரத்தோடு மணி அடிக்கும். நோன்பு மாதத்தில் பாடசாலை விடுமுறை. அதற்கு ஈடாகத் தமிழ்ப் பாடசாலைகள் மூடிக்கிடக்கும் நாட்களில் நாங்கள் வகுப்பு நடத்துவோம். பத்தாம் தரத்துப் பெண்பிள்ளைகளுக்குத் திரிகோண கணிதம் தொடங்கிய காலத்தில், ஒரு பிள்ளை தன் வீட்டு மாடிப் படிக்கட்டின் உயரத்தையும் அகலத்தையும் அடிமட்டத்தால் அளந்து வந்து, "ரீச்சர், தான் தீற்றாவை (tan θ) இதில் கண்டுபிடிக்கலாமா?" என்று கேட்டாள். அன்றைய பாடம் முழுக்க அந்தப் படிக்கட்டிலேயே நடந்தது. அவளுடைய கேள்விக்கும் என் பொட்டுக்கும் அவளுடைய முக்காட்டுக்கும் என்ன சம்பந்தம்?

அதற்காக, சமயப் பாடசாலைகளே வேண்டாம் என்று சொல்பவர்களோடும் நான் சேரமாட்டேன். இந்த நாட்டில் ஏழைப் பிள்ளைகள் பலருக்கு எழுத்தறிவித்தவர்கள் மிஷனரிமார்தான். மட்டக்களப்பில் மெதடிஸ்த மத்திய கல்லூரியின் தொடக்கம் 1814. வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷன் செமினரி 1823இல் வந்தது. அவர்களுடைய பாடசாலைகளில் சமயமாற்றம் நடந்தது என்பதும் உண்மை, அதைக் கண்டு சைவர்களும் பௌத்தர்களும் முஸ்லிம்களும் தங்கள் பிள்ளைகளுக்கென்று பாடசாலை கட்டியதும் நியாயம். 1848இல் வண்ணார்பண்ணையில் ஆறுமுக நாவலர் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்காதிருந்தால் யாழ்ப்பாணத்தில் தேவாரம் படித்த தலைமுறை ஒன்று உருவாகியிருக்குமா என்பது சந்தேகம். ஆனால் அந்த நாவலர் யார்? பேர்சிவல் பாதிரியாரின் மெதடிஸ்த பாடசாலையில் படித்து, அங்கேயே படிப்பித்து, பைபிள் மொழிபெயர்ப்பிலும் பாதிரியாருக்குத் துணை நின்றவர். எங்கள் காரைதீவில் பிறந்த சுவாமி விபுலானந்தர் கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்பு புனித மைக்கேல் கல்லூரியிலும் படித்தவர். பிற்காலத்தில் துறவு பூண்டு, இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளை நடத்தி, கல்லடி உப்போடையில் சிவானந்த வித்தியாலயத்தை உருவாக்கினார். கரவெட்டியில் பிறந்த பேராசிரியர் கா. சிவத்தம்பி படித்தது கொழும்பு ஸாஹிரா என்ற முஸ்லிம் கல்லூரியில். பிறகு அங்கே ஆசிரியராகவும் இருந்தார். பிற சமயத்தாரின் வகுப்பறையில் இருந்து படித்ததால் இவர்களில் எவருடைய அடையாளம் கரைந்துபோனது? தன்னுடையது எது என்பதை இவர்கள் இன்னும் தெளிவாகக் கண்டுகொண்டார்கள் என்றுதான் நான் நினைக்கிறேன்.

இன்று வாதம் செய்கிறவர்கள் 1960இல் என்ன நடந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள். 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கத்தின் கீழ் கொண்டுவந்தன. கத்தோலிக்கப் பெற்றோர் பாடசாலைகளுக்குள் புகுந்து இரவு பகலாகக் காவல் இருந்தது என் தாயாரின் தலைமுறைக்கு நன்றாக நினைவிருந்தது. பெரிய பாடசாலைகள் சில, அரச உதவி இல்லாமல் தனியாக நிற்கத் தீர்மானித்தன. மற்றவை அரசுடைமையாயின. அப்படி அரசுடைமையான இந்துக் கல்லூரி, முஸ்லிம் வித்தியாலயம், புனிதர்களின் பெயர் கொண்ட கல்லூரி எல்லாம் அன்றிலிருந்து மக்களின் வரிப்பணத்தில் நடப்பவை. தாபகர் படம் மண்டபத்தில் தொங்கட்டும். காலைப் பிரார்த்தனையில் தேவாரம் பாடட்டும், கிராஅத் ஓதட்டும், ஜெபம் சொல்லட்டும். நவராத்திரியும் மீலாத் விழாவும் ஒளிவிழாவும் நடக்கட்டும். அவையெல்லாம் அந்தப் பாடசாலைகளின் சொத்து. ஆனால் பிள்ளையின் கதிரையும் ஆசிரியரின் மேசையும் பொதுச் சொத்து.

அப்படித்தான் சட்டமும் ஒருகாலம் நினைத்தது. 1939ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கக் கல்விக் கட்டளைச் சட்டம், உதவி பெறும் பாடசாலை எதுவும் சமயம், இனம், சாதி காரணமாக ஒரு பிள்ளையைச் சேர்க்க மறுக்கக்கூடாது என்றது. பாடசாலைகளைப் பாதிரிமாரும் சபைகளும் நடத்திய காலத்துச் சட்டம் அது. அரசாங்கமே நடத்தும் இந்தக் காலத்தில் என்ன நடக்கிறது? தரம் ஒன்று அனுமதிக்கான சுற்றுநிருபத்தைப் பாருங்கள். வீட்டுக்கும் பாடசாலைக்கும் உள்ள தூரத்துக்கு 50 வீதம், பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு 25, சகோதரர் படித்தால் 15 என்று பங்கு பிரித்திருக்கிறார்கள். அதற்கும் முன்னால், சுவீகரிக்கப்பட்ட பாடசாலைகளில், சுவீகரித்த காலத்தில் எந்தெந்தச் சமயப் பிள்ளைகள் எந்த வீதத்தில் இருந்தார்களோ அந்த வீதத்தைக் கவனிக்க வேண்டும் என்று இருக்கிறது. இன்று ஐந்து வயதாகும் பிள்ளைக்கு, அறுபது ஆண்டுகளுக்கு முந்திய ஒரு தலைக்கணக்கை வைத்து இடம் பிரிக்கிறோம்.

என் தங்கையின் பேரன் இதில் அகப்பட்டான். பாடசாலையின் பெயரை இங்கே எழுத விரும்பவில்லை. வேறொரு சமயத்தார் தொடங்கிய, இப்போது அரசாங்கத்துக்குச் சொந்தமான பாடசாலை. வீட்டு வாசலில் நின்றால் அதன் மணிச் சத்தம் கேட்கும். வாக்காளர் இடாப்பு, மின்சாரப் பட்டியல், காணி உறுதி, கிராம சேவகர் சான்று எல்லாவற்றையும் ஒரு கோப்பில் அடுக்கிக்கொண்டு என் தங்கை மருமகளோடு நேர்முகத்துக்குப் போனாள். தூரத்துக்குப் புள்ளி குறையவில்லை. சமய வீதத்தில் எங்களுக்குரிய இடங்கள் முடிந்துவிட்டன என்றார்கள். அதிபரும் அன்பாகத்தான் பேசினாராம், சுற்றுநிருபத்தை மீற அவரால் முடியாது. பிள்ளை இப்போது பஸ் ஏறித் தூரத்துப் பாடசாலைக்குப் போகிறான். தங்கள் பேரப்பிள்ளைக்கும் இப்படி நடந்தது என்று முஸ்லிம் நண்பர்களும் கிறிஸ்தவ நண்பர்களும் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். எந்தச் சமயத்தாருக்கும் இதனால் இலாபமில்லை.

பிள்ளைகளுக்கு இப்படி என்றால் ஆசிரியர்களுக்கு? திருகோணமலை ஸ்ரீ சண்முகா இந்து மகளிர் கல்லூரியில் நடந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அபாயா அணிந்து வந்த முஸ்லிம் ஆசிரியைகளுக்கு எதிராக 2018 ஏப்ரலில் ஆர்ப்பாட்டம். அவர்கள் இடமாற்றப்பட்டார்கள். மனித உரிமைகள் ஆணைக்குழு ஆசிரியைகளின் உரிமை மீறப்பட்டது என்றது. 2022 பெப்ரவரியில் ஓர் ஆசிரியை மீண்டும் கடமையேற்கப் போனபோது பெரும் குழப்பம். சேலைதான் அந்தக் கல்லூரியின் மரபு, அதை மதிக்கவேண்டும் என்று வாதிட்டவர்களில் எனக்கு வேண்டியவர்களும் உண்டு. அவர்களுக்கு நான் அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்: முஸ்லிம் பாடசாலையில் என் பொட்டுக்குக் கிடைத்த மரியாதையை இந்துப் பாடசாலையில் ஒரு முஸ்லிம் ஆசிரியையின் உடைக்குக் கொடுக்காமல் விடுவது சைவ மரபு ஆகாது. அதே நீதியைத்தான் 2024இலும் எதிர்பார்த்தேன். அதே திருகோணமலையில், உயர்தரப் பரீட்சை எழுதிய முஸ்லிம் மாணவிகள் 70 பேரின் பெறுபேறு, காதை மறைத்திருந்தார்கள் என்ற காரணத்தால் நிறுத்தி வைக்கப்பட்டது. பல்கலைக்கழகக் கனவோடு இருந்த அந்தப் பிள்ளைகளுக்காகத் தமிழ் ஆசிரியர் சங்கங்கள் இன்னும் உரத்துப் பேசியிருக்க வேண்டும்.

பயத்தை நான் அறியாதவள் அல்ல. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டபோது நான் அடுத்த ஊரில் இருந்தேன். அடுத்த மாதம் சத்துருக்கொண்டானில் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயக் குண்டுவெடிப்பில் ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகளும் பலியானார்கள். 1990க்குப் பிறகு தமிழ் ஆசிரியர்கள் முஸ்லிம் ஊர்களுக்குப் போக அஞ்சினார்கள், முஸ்லிம் ஆசிரியர்கள் தமிழ் ஊர்களுக்கு. அந்த அச்சத்தில் யாரையும் குறை சொல்ல முடியாது. ஆனால் அச்சத்தில் எடுத்த தற்காலிக ஏற்பாடு இன்று நிரந்தர நிர்வாகமாகிவிட்டது. மட்டக்களப்பு மத்தி கல்வி வலயம் என்று ஒன்று இருக்கிறது. காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி ஆகிய மூன்றும் அதில் அடக்கம். இவை ஒன்றையொன்று தொடாத ஊர்கள். இடையில் உள்ள தமிழ் ஊர்கள் வேறு வலயங்களில். ஆரையம்பதியையும் காத்தான்குடியையும் பிரிப்பது ஒரு வீதி. வீதியின் இந்தப் பக்கத்துப் பாடசாலைக்கு ஒரு வலயப் பணிப்பாளர், அந்தப் பக்கத்துப் பாடசாலைக்கு இன்னொருவர். இரு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் தாய்மொழி தமிழ். ஆனால் தமிழ்மொழித்தினப் போட்டியில் வலய மட்டத்தைத் தாண்டிப் போனால்தான் ஒருவரை ஒருவர் காண்பார்கள். நாங்கள் புட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று மேடை தோறும் சொல்கிறோம். வகுப்பறையில் அந்தக் கலவை எங்கே?

இருக்கிறது, ஆனால் காசு கொடுத்து வாங்கும் இடத்தில். நகரத்து ரியூஷன் வகுப்புகளுக்குப் போய்ப் பாருங்கள். உயர்தரக் கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் வகுப்புகளில் காத்தான்குடிப் பிள்ளையும் களுவாஞ்சிகுடிப் பிள்ளையும் ஒரே வாங்கில் இருக்கிறார்கள். நோன்பு நாட்களில் ஒரு பௌதிகவியல் ஆசிரியர் மாலை வகுப்பை நோன்பு திறக்கும் நேரத்துக்கு முன்பே முடித்துவிடுவார். இந்துப் பிள்ளைகள் தண்ணீர்ப் போத்தலைக்கூட வெளியே போய்த்தான் திறப்பார்கள். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பரீட்சைக்குக் கிட்டிய நாட்களில் கடந்தகால வினாத்தாள்களைப் பங்குபோட்டுச் செய்து, விடையைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து ஒருவருக்கொருவர் அனுப்புகிறார்கள். இந்தப் பிள்ளைகள் காலையில் தனித்தனிப் பாடசாலைக்குப் போய், பல இடங்களில் உயர்தரக் கணிதத்துக்கோ பௌதிகவியலுக்கோ ஆசிரியர் இல்லாமல் சும்மா இருந்துவிட்டு வருகிறார்கள். காசு இல்லாத வீட்டுப் பிள்ளைக்கு ஆசிரியரும் இல்லை, அந்த வாங்கில் பக்கத்தில் இருக்கும் நண்பரும் இல்லை.

சமய பாடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சமயம் எங்கள் பாடசாலைகளில் கட்டாய பாடம். சைவப் பிள்ளைக்குச் சைவநெறி, முஸ்லிம் பிள்ளைக்கு இஸ்லாம், கத்தோலிக்கப் பிள்ளைக்குக் கத்தோலிக்கம், மற்றக் கிறிஸ்தவப் பிள்ளைகளுக்குக் கிறிஸ்தவம். தன் சமயத்தைப் பிள்ளை ஆழமாகப் படிப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் பதினொரு வருடம் சமயம் படித்த பிள்ளைக்கு, பக்கத்து வீட்டார் ஏன் நோன்பு பிடிக்கிறார்கள், பெரிய வெள்ளி என்றால் என்ன, கந்தசுவாமி கோயிலில் காவடி ஏன் எடுக்கிறார்கள் என்று சொல்லும் ஒரு பாடம்கூட அந்தச் சமயப் புத்தகத்தில் இல்லை. தரம் ஒன்பதிலோ பத்திலோ எல்லாப் பிள்ளைகளும் ஒன்றாக இருந்து படிக்க ஓர் அலகு வைத்தால் போதும். அந்த அலகை அந்தந்தச் சமயத்தாரே எழுதட்டும், அந்தந்தச் சமயத்து ஆசிரியரே வந்து படிப்பிக்கட்டும்.

கல்வி எதற்கு என்று பெரிய பெரிய மாநாடுகளில் பேசுகிறார்கள். எனக்குத் தெரிந்த அளவில், வீட்டில் கற்க முடியாததைக் கற்கத்தான் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புகிறோம். சமயம் வீட்டிலும் கோயிலிலும் பள்ளிவாசலிலும் தேவாலயத்திலும் கிடைக்கும். வேற்றுச் சமயத்தவளோடு ஒரு கணக்கைச் சேர்ந்து செய்யும் பழக்கம் அங்கே கிடைக்காது.

எங்கள் மாவட்டத்துப் பாராளுமன்ற உறுப்பினர்கள், எந்தக் கட்சியானாலும், அடுத்த ஆண்டுத் தரம் ஒன்று சுற்றுநிருபம் வெளியாகுமுன் அந்தச் சமய வீதப் பந்தியை நீக்கும்படி கல்வி அமைச்சிடம் கேட்க வேண்டும். அதுவரைக்கும் ஒரு சிறிய காரியம் இங்கேயே செய்யலாம். ஆரையம்பதியிலும் காத்தான்குடியிலும் உள்ள உயர்தரக் கணிதப் பிரிவு மாணவர்களுக்கு, இணைந்த கணிதத்தையும் பௌதிகவியலையும் ஒரே வகுப்பாக, ஒரு தவணை இந்தப் பக்கத்துப் பாடசாலையிலும் மறு தவணை அந்தப் பக்கத்துப் பாடசாலையிலும் நடத்தலாம். இருக்கிற இரண்டு மூன்று ஆசிரியர்களைப் பகிர்ந்துகொள்ளலாம். இரு பக்கத்துப் பெற்றோர் சிலரோடு பேசியிருக்கிறேன், அவர்களுக்கு விருப்பம். ஓய்வு பெற்ற நானும் வாரத்தில் இரண்டு நாள் சம்பளமில்லாமல் வந்து படிப்பிக்கத் தயார். இரண்டு வலயப் பணிப்பாளர்களும் ஒரே கடிதத்தில் கையெழுத்திட வேண்டியதுதான் மீதி.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
ஆரையம்பதி.