கண் நலத்துக்கு நிதி தரும் அறக்கட்டளைகளுக்கு: ஆராய்ச்சிக்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள்

மதிப்புக்குரிய அறங்காவலர்களுக்கு,

வணக்கம். கண்புரை முகாம்களுக்கும் இலவசக் கண்ணாடிகளுக்கும் கண் வங்கிகளுக்கும் ஆண்டுதோறும் அள்ளிக் கொடுக்கிறீர்கள். அந்தப் பணத்தால் பார்வை திரும்பியவர்களை என் வேலையில் அடிக்கடி சந்திக்கிறேன். கட்டைப் பிரித்ததும் கூட வந்தவரின் முகத்தைத்தான் முதலில் தேடுவார்கள். அந்த உதவியில் ஒரு காசுகூடக் குறைய வேண்டாம். அதோடு சேர்த்து, கண் நோய்களைத் தடுக்கவும் குணப்படுத்தவும் நடக்கும் ஆராய்ச்சிக்கும் ஒரு பங்கு ஒதுக்குங்கள் என்று கேட்கவே எழுதுகிறேன்.

"ஆராய்ச்சியை அரசும் மருந்து கம்பெனிகளும் பார்த்துக்கொள்ளட்டும், நன்கொடைப் பணம் நேராக நோயாளிக்குப் போகட்டும்" என்பது உங்களில் பலர் சொல்லும் பதில். அந்தக் கவலையை மதிக்கிறேன். பிறர் நம்பிக் கொடுத்த பணம் அது. இத்தனை பேருக்குப் பார்வை வந்தது என்று கணக்குக் காட்டக்கூடிய இடத்தில் செலவிடவே யாருக்கும் தோன்றும். ஆனால் கண்புரையை எடுத்தபின் அந்தக் கண்களுக்குள் வைக்கும் செயற்கை லென்ஸ் எங்கிருந்து வந்தது? இரண்டாம் உலகப் போரில் அடிபட்ட விமானிகளின் கண்ணுக்குள் விமானக் கூண்டின் பெர்ஸ்பெக்ஸ் சில்லுகள் தங்கிவிட்டன. கண் அவற்றை எதிர்க்காமல் ஏற்றுக்கொண்டதை ஹரோல்ட் ரிட்லி என்ற ஆங்கிலேய மருத்துவர் கவனித்தார். 1949 நவம்பரில் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அதே வகைப் பிளாஸ்டிக்கில் செய்த லென்ஸை முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தினார். கண் மருத்துவப் பெரியவர்கள் பலர் அதைப் பல ஆண்டுகள் எதிர்த்தார்கள். அதுவரை கண்புரை எடுத்தவர்களுக்குச் சோடாபுட்டிக் கண்ணாடிதான் கதி.

முகாம் போட்டுத் தீர்க்க முடியாத நோய்களும் என் முன்னால் வந்து உட்காருகின்றன. நான் செய்வது பார்வைப் புலப் பரிசோதனை. எங்கள் பேச்சில் ஃபீல்டு டெஸ்ட். நோயாளி ஒரு கண்ணை மறைத்துக்கொண்டு, வெள்ளைக் கிண்ணம் போன்ற கருவிக்குள் நடுவிலுள்ள புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்காவது ஒளிப்பொட்டு மின்னினால் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். பார்வை நரம்பைக் கெடுக்கும் கண் நீர் அழுத்த நோய் (கிளாக்கோமா) முற்றியவர்கள் உட்கார்ந்தால் பொட்டுகள் வரிசையாக மின்னிக்கொண்டே இருக்கும், பொத்தான் சத்தமே வராது. "மெஷின் ஓடுதாம்மா?" என்று கேட்பார்கள். ஓடுகிறது என்று சொல்லும்போது குரலை எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அச்சாகி வரும் தாளில் ஓரங்களிலிருந்து கறுப்பு படர்ந்திருக்கும். அதைக் கையில் வாங்கியதும் அநேகமாக எல்லோரும் கேட்பது, இந்தக் கறுப்பு போய்விடுமா என்பதுதான்.

போகாது. அழிந்த பார்வை நரம்பை மீட்டுத் தரும் மருந்து உலகில் எங்கும் இல்லை. இன்று நம்மிடம் இருக்கும் சொட்டு மருந்தும் லேசரும் அறுவை சிகிச்சையும் கண்ணின் அழுத்தத்தைக் குறைத்து, மிச்சமுள்ள நரம்பைக் காக்கப் பார்க்கின்றன. அழுத்தம் இயல்பான அளவில் இருந்தும் நரம்பு கெட்டுக்கொண்டே போகிறவர்கள் இருக்கிறார்கள். அது ஏன் என்பதற்கு முழு விடை இன்னும் கிடைக்கவில்லை. எத்தனை கோடி செலவில் எத்தனை முகாம் நடத்தினாலும் அந்த விடை அங்கே கிடைக்கப் போவதில்லை.

கம்பெனிகள் பார்த்துக்கொள்ளும் என்று எல்லாவற்றையும் விட்டுவிடவும் முடியாது. முதுமையில் விழித்திரையின் நடுப்பகுதி கெடும் நோயில், ரத்தக்குழாய்க் கசிவை நிறுத்த ரானிபிசுமாப் என்ற ஊசி வந்தது. அதை உருவாக்கிய கம்பெனியின் புற்றுநோய் மருந்தான பெவாசிசுமாப், பல மடங்கு குறைந்த செலவில் கிட்டத்தட்ட அதே வேலையைச் செய்தது. இரண்டில் எது மேல் என்று ஒப்பிட்டுப் பார்ப்பதில் விற்பவருக்கு என்ன லாபம்? அந்தச் சோதனைக்கு அமெரிக்க அரசின் தேசியக் கண் நிறுவனம் பணம் போட்டது. இரண்டும் பார்வையைக் காப்பதில் சமம் என்று 2011-இல் முடிவு வந்தது. செடி கொடி கீறி வரும் பூஞ்சைக் கருவிழிப் புண்ணுக்கு, நேட்டமைசின் என்ற பழைய சொட்டு மருந்து வோரிகோனசோல் என்ற புதியதைவிட நன்றாக வேலை செய்கிறது என்று 2013-இல் காட்டிய சோதனைக்கும் அதே பொதுப்பணம்தான். அந்த நிறுவனம் 1968-இல் அமைய வேண்டும் என்று முன்னின்று வலியுறுத்தியவர்களில் ஒருவர் ஜூல்ஸ் ஸ்டைன். குருட்டைத் தடுக்கும் ஆராய்ச்சிக்கென்றே 1960-இல் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கியவர். உங்களைப் போன்ற ஒருவர் என்று இதைச் சொல்லுகிறேன். ட்ரகோமா என்ற கண் தொற்றைப் பற்றிய ஆய்வுகளுக்கு எட்னா மெக்கானல் கிளார்க் அறக்கட்டளை யாரும் கண்டுகொள்ளாத காலத்திலேயே பணம் கொடுத்து வந்தது. வாரக்கணக்கில் கண்ணில் களிம்பு தடவ வேண்டியிருந்த அந்த நோய்க்கு, ஒரே வேளை அசித்ரோமைசின் போதும் என்று பிறகு ஆய்வில் தெரிந்தது. இன்று நாடு நாடாக அந்த நோய் ஒழிந்து வருகிறது.

எனவே பத்தில் ஒரு பங்காவது கேட்கிறேன். அதைக் கொடுக்கும் விதத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள். கண் நீர் அழுத்த நோய் மெதுவாகப் போகிற நோய். ஒரு மருந்து நரம்பைக் காத்ததா என்று தெரிய ஆண்டுகள் ஆகும். ஓராண்டு நிதி கொடுத்து ஆண்டு முடிவில் பலன் எங்கே என்று கேட்டால், நல்ல ஆய்வாளர்கள் சின்னக் கேள்விகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கத் தொடங்கிவிடுவார்கள். மருந்து பலிக்கவில்லை என்று வரும் முடிவையும் வெளியிட வேண்டும் என்று கட்டாயமாக்குங்கள். இல்லாவிட்டால் இன்னொருவர் அதே பாதையில் இன்னொரு கூட்ட நோயாளிகளை அழைத்துச் செல்வார். சோதனையில் சேர்ந்தவர்கள் திரும்பத் திரும்பப் பரிசோதனைக்கு வர ஆகும் வண்டிச் செலவையும், அன்றைக்கு இழக்கும் கூலியையும் நிதியிலேயே சேருங்கள். அவர்கள் பாதியில் நின்றுவிட்டால் ஆய்வும் அங்கேயே நொண்டும்.

எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது விலை. பரம்பரை விழித்திரை நோயால் பாதிக்கப்பட்ட குடும்பங்கள் 1971-இல் அமெரிக்காவில் தொடங்கிய ஃபவுண்டேஷன் ஃபைட்டிங் ப்ளைண்ட்னஸ் அமைப்பு, ஆர்.பி.இ.65 என்ற மரபணுக் கோளாறு பற்றிய ஆரம்பகால ஆய்வுகளுக்கு நன்கொடைப் பணத்தைக் கொடுத்தது. பிறவியிலேயே பார்வை இல்லாத பிரியார்ட் நாய்களுக்கு மரபணு சிகிச்சையால் பார்வை வந்ததை 2001-இல் வெளியான ஆய்வு காட்டியது. 2017 டிசம்பரில் லக்ஸ்டர்னா என்ற பெயரில் அந்தச் சிகிச்சைக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. அருமையான சாதனை, மனதாரச் சொல்கிறேன். அறிவித்த விலை ஒரு கண்ணுக்கு 4,25,000 டாலர். உண்டியலில் காசு போட்டவர்களில் எத்தனை பேரால் தங்கள் பிள்ளைக்கு அதை வாங்க முடியும்?

ஆகவே மருந்தோ கருவியோ உருவானால் வசதியற்ற நோயாளிக்கும் எட்டும் விலையில் கிடைக்க வேண்டும் என்ற நிபந்தனையைப் பணம் கைமாறும் முன்பே ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். சந்தைக்கு வந்த பிறகு கேட்டால் யார் காதிலும் ஏறாது. அடுத்த ஆண்டு நிதியை முடிவு செய்யும் கூட்டத்தில் இதைப் பொருளாக வையுங்கள். அந்தக் கூட்டத்துக்கு ஓர் ஆய்வாளரையும், இருக்கும் மருந்துகள் இனி உதவாத நோயாளிகள் இரண்டு பேரையாவது கூப்பிடுங்கள்.

அன்புடன்,
ஒரு பார்வைப் புலப் பரிசோதகர்