லத்தீன் பாட்டு பாடகர் குழுவுக்கு மட்டுமா?

ஆசிரியருக்கு,

கத்தோலிக்கத் திருப்பலி வழிபாட்டில் லத்தீன் பாடல்கள் பற்றிய தங்கள் கட்டுரை, அவை சாமானியர்களுக்குக் கடினம், பயிற்சி பெற்ற பாடகர் குழுவுக்கே உரியவை என்று முடித்திருந்தது. இதை ஏற்க முடியவில்லை. இறைமக்கள் தங்களுக்குரிய பகுதிகளை லத்தீனிலும் சேர்ந்து பாடத் தெரிந்திருக்க வேண்டும் என்று 1963-இல் உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கமே சொன்னது. அதற்காகத்தான் திருத்தந்தை ஆறாம் பவுல் 1974-இல் எளிய கிரகோரியன் பாடல்களை (திருச்சபையின் பழைய லத்தீன் வழிபாட்டுப் பாடல்களை)த் தொகுத்து உலகெங்கும் உள்ள ஆயர்களுக்கு அனுப்பினார். எங்கள் பங்கு ஆலயத்தில் நற்கருணை ஆசீரின்போது 'தாந்தும் எர்கோ' என்ற லத்தீன் பாடலைத் தொடங்கினால் போதும், எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிமார்கூட கடைசி வரி வரை மனப்பாடமாகப் பாடுகிறார்கள், அப்புறம் கடினம் என்பது எப்படிச் சரியாகும்? வரும் தவக்காலத்தில் 'சாங்துஸ்' (தூயவர்), 'ஆக்னுஸ் தேயி' (இறைவனின் செம்மறி) ஆகிய திருப்பலிப் பாடல்கள் இரண்டையும் தமிழ் எழுத்தில் பொருளோடு அச்சிட்டு, திருப்பலிக்கு முன் பத்து நிமிடம் எல்லோருக்கும் சொல்லித்தரப் பங்குத்தந்தையர் முன்வரலாம்.

- ஒரு வாசகர், தூத்துக்குடி