மைக் இல்லாத ஒரு கச்சேரிக்கு இன்னும் 2,18,000 ரூபாய் வேண்டும்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், குளச்சல் பக்கத்து இசைப் பிரியர்கள் எல்லாருக்கும் வணக்கம். சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வந்துவிடுகிறோம். வரும் ஜனவரி கடைசி சனிக்கிழமை சாயங்காலம் நாகர்கோவிலில் ஒரு பள்ளி மண்டபத்தில் பியானோ, வயலின், வயலின் குடும்பத்திலேயே அதைவிடப் பெரிய வியோலா, செல்லோ, டபுள் பாஸ் என்று ஐந்து பேர் உட்கார்ந்து வாசிக்கப் போகிறார்கள். மொத்தச் செலவு 3,30,000 ரூபாய். இதை நடத்துகிற எங்கள் குழுவில் இருக்கிறவர்களும் அவர்கள் நச்சரித்த சொந்தபந்தங்களுமாகப் போட்டது 1,12,000. மீதிக்குத்தான் இந்த வேண்டுகோள்.

இந்த வகை மேற்கத்திய இசைக்குச் சேம்பர் மியூசிக் என்று பெயர், ஒரு வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து வாசிப்பதற்கென்று எழுதிய இசை. நடுவில் நின்று கை வீசி நடத்த ஆள் கிடையாது, ஒரு கருவிக்கென்று எழுதியதை ஒரே ஒருவர்தான் வாசிப்பார், ஒருத்தர் மூச்சை இன்னொருத்தர் பார்த்துத்தான் தொடங்க வேண்டும். நம்ம மாவட்டத்தில் பாட்டுக்குப் பஞ்சமே இல்லை; சபைக்குச் சபை பாடகர் குழு, கிறிஸ்துமஸ் நெருங்கினால் கேரல் பயிற்சி, கோயில் கொடை என்றால் வில்லுப்பாட்டு, ஆனால் இப்போது எல்லாமே ஸ்பீக்கர் வழியாகத்தான் காதுக்கு வருகிறது, அதுவும் எந்த அளவு சத்தத்தில் என்று உங்களுக்கே தெரியும். கீபோர்டில் படித்து, லண்டன் ட்ரினிட்டி கல்லூரி நடத்துகிற இசைத் தேர்வில் கிரேடு கிரேடாகப் பாஸாகிற பிள்ளைகள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அவர்களில் பலர் நிஜப் பியானோ ஒன்றின் மூடியைத் தூக்கி உள்ளே பார்த்ததில்லை. அந்தப் பிள்ளைகள் முன் வரிசையில் உட்கார்ந்து, மரமும் கம்பியும் எழுப்புகிற சத்தத்தை அப்படியே கேட்க வேண்டும். எங்களுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

வாசிக்கப் போகிறவை இரண்டு. முதலில் மொசார்ட் 1785இல் எழுதிய ஜி மைனர் பியானோ குவார்டெட், அதாவது பியானோவும் மூன்று தந்திக் கருவிகளுமாக நாலு பேர் வாசிப்பது, இதற்கு டபுள் பாஸ் வேண்டாம். அப்புறம் சூபர்ட்டின் ட்ரவுட் குவின்டெட், இது ஐந்து பேருக்கு; ட்ரவுட் என்ற மீனைப் பற்றி அவர் முன்பே எழுதிய பாட்டிலிருந்து வந்த பெயர். 1819இல், 22 வயதில், ஆஸ்திரியாவில் ஸ்டெயர் என்ற சின்ன ஊருக்குப் போயிருந்தபோது, அந்த ஊர்ச் சுரங்க அதிகாரி பௌம்கார்ட்னர் கேட்டுக்கொண்டதால் எழுதியது. இந்தப் பௌம்கார்ட்னர் சும்மா ஆசைக்குச் செல்லோ வாசிக்கிறவர். வீட்டில் நண்பர்களோடு வாசிக்க ஒன்று எழுதித் தாருங்கள், உங்களுடைய அந்த மீன் பாட்டையும் அதில் சேருங்கள் என்று கேட்டார். ட்ரவுட் ஓடைத் தண்ணீர் மீன். நம்ம கடலில் கிடையாது, நீலகிரிப் பக்கம் ஆங்கிலேயர் கொண்டு வந்து விட்டது உண்டு. மீன் தெரிந்த ஊரில் இந்த இசை எடுபடாமல் போகாது என்று குழுவில் ஒருவர் அடித்துச் சொல்கிறார், பார்ப்போம். நாலாவது பகுதியில் அந்தப் பாட்டின் மெட்டை முதலில் தந்திக் கருவிகள் மட்டும் வாசிக்கும், பியானோ சும்மா இருக்கும். பிறகு மெட்டு ஒவ்வொரு கருவியாகக் கை மாறிக்கொண்டே போய், கடைசியில்தான் மூலப்பாட்டில் பியானோவுக்கு எழுதிய அந்தத் துள்ளல் வரும். அதுவரை பொறுமையாக இருங்கள்.

'இது நம்ம இசையா?' என்று இரண்டு மூன்று பேர் கேட்டார்கள். நம்ம ஊர் இருந்த பழைய திருவிதாங்கூரின் ராஜா சுவாதித் திருநாள், தஞ்சை நால்வர் என்கிற இசை, நாட்டியச் சகோதரர்களில் ஒருவரான வடிவேலுவுக்கு 1834இல் தந்தத்தால் செய்த வயலினைப் பரிசாகக் கொடுத்தார். வெளியிலிருந்து வந்த அந்த வயலின் இன்றைக்குக் கர்நாடகக் கச்சேரியில் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். அதற்கு மேல் இந்தக் கேள்வியோடு மல்லுக்கட்ட எங்களுக்கு நேரமில்லை.

சரி, காசு எங்கே போகிறது? வாசிக்கிற ஐந்து பேரின் ஊதியமும் பயணமும் 1,60,000. செல்லோவுக்குத் தனியாக ஒரு இருக்கை எடுக்க வேண்டும், லக்கேஜில் போடுகிற சாமான் இல்லை அது. பியானோ வாடகையும் வண்டிக் கூலியும் 85,000, சுதி சேர்க்க 18,000, தங்குமிடமும் சாப்பாடும் 32,000, மண்டபமும் நாற்காலியும் 30,000, நோட்டீஸ் 5,000.

பியானோவுக்கு மட்டும் இவ்வளவு சக்கரமா (பணமா) என்று பெரியவர்கள் கேட்கிறார்கள், நியாயமான கேள்விதான். வருவது சிறிய கிராண்ட் பியானோ, எடை கால் டன்னுக்குப் பக்கம். காலைக் கழற்றி, ஒருக்களித்துப் படுக்க வைத்து, கம்பளி சுற்றி, திருவனந்தபுரத்திலிருந்து களியக்காவிளை, மார்த்தாண்டம் வழியாக வர வேண்டும். அந்த ரோட்டைப் பற்றி உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டாம். உள்ளே 88 கட்டைக்கு 220க்கும் மேல் கம்பிகள், நடுவிலும் மேல் ஸ்தாயியிலும் ஒரு கட்டைக்கு மூன்று கம்பி, எல்லாம் சேர்ந்து இழுக்கிற விசை 15 டன்னுக்கு மேல். காற்றில் ஈரம் கூடினால் அடியில் இருக்கிற மரப்பலகை உப்பும், சுதி ஏறும், காய்ந்தால் இறங்கும். இரண்டு மழையும் பெய்கிற ஊர் நம்முடையது. அதனால்தான் வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரி கடைசிக்கு வைத்திருக்கிறோம். மண்டபத்தில் இறக்கி வைத்து ஒரு நாள் விட்டு, ஒரு தடவை சுதி சேர்க்க வேண்டும். கச்சேரியன்று மத்தியானம் இன்னொரு தடவை. ஒரு தடவை போதாதா என்று பொருளாளர் போராடிப் பார்த்தார். நடக்கவில்லை.

மைக் கிடையாது. ஃபேன் ஓடினால் வியோலா கேட்காது என்பதால் வாசிக்கும்போது ஃபேனும் கிடையாது, இடைவேளையில் போட்டுக்கொள்ளலாம். கரண்ட் போனால் இரண்டு எமர்ஜென்சி லைட் போதும், கச்சேரி நிற்காது. 200 பேருக்கு மேல் உட்கார முடியாது. நுழைவு இலவசம், முதல் நாலு வரிசை இசை படிக்கிற பிள்ளைகளுக்கு.

நன்கொடையாளர்களுக்கு ஒன்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்: பொன்னாடை இல்லை, வாழ்த்துரை இல்லை, சிறப்பு விருந்தினர் இல்லை, ஃப்ளெக்ஸில் யார் படமும் வராது. நோட்டீஸின் பின்பக்கம் அகர வரிசையில் பெயர் இருக்கும், தொகை இருக்காது. 100 ரூபாய் கொடுத்தாலும் ரசீது உண்டு. கச்சேரி முடிந்து பத்து நாளுக்குள் வரவு செலவு கணக்கை அனுப்புவோம். ஏதோ காரணத்தால் நடக்காமல் போனால் செலவானது போக மீதியைத் திருப்பித் தருவோம், மிஞ்சினால் அடுத்த கச்சேரிக்கு வைத்துக்கொள்ளலாமா என்று உங்களிடமே கேட்போம்.

பணமாகத்தான் தர வேண்டும் என்றில்லை. வாசிக்க வருகிறவர்களை இரண்டு ராத்திரி வீட்டில் தங்க வைக்க முடிந்தால் தங்குகிற செலவு அப்படியே குறையும் (பயிற்சி செய்ய ஒரு தனி அறை இருந்தால் ரொம்ப நல்லது, பக்கத்து வீட்டுக்காரரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்). நாகர்கோவில் ஜங்ஷனிலிருந்து கூட்டி வர டபுள் பாஸ் நுழைகிற அளவுக்கு ஒரு வேன், பியானோவை இறக்க பலமுள்ள ஆறு பேர், ஒரு நேரம் மீன் குழம்பு சாப்பாடு, எல்லாமே கணக்கில் வரவுதான்.

கொடுக்க நினைக்கிறவர்கள் இதை உங்களுக்கு அனுப்பியவரிடமே கேளுங்கள், குழுவின் வங்கிக் கணக்கு விவரம் தருவார். யாருடைய சொந்த ஜிபே எண்ணுக்கும் அனுப்ப வேண்டாம். டிசம்பர் 20ஆம் தேதிக்குள் பியானோவுக்கு முன்பணம் 40,000 கட்டியாக வேண்டும், இல்லையென்றால் அதை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். ஆகவே யோசித்துச் சொல்கிறேன் என்கிறவர்கள் கொஞ்சம் சீக்கிரம் யோசியுங்கள்.