'எழுதும்படி எதுவும் இல்லை' என்று எழுதிய தோழிக்கு

அன்புள்ள தோழிக்கு,

நம் வகுப்பின் வெள்ளி விழா மலருக்காக ஒவ்வொருவரிடமும் கேட்டிருந்த தன்குறிப்புக்கு நீ அனுப்பிய பதில் கிடைத்தது. "மலரில் எழுதும்படி என்னிடம் எதுவும் இல்லை, என் பெயரையும் துறையையும் மட்டும் போட்டுவிடு" என்று எழுதியிருந்தாய். இதற்கு உனக்குத் தனியாகவே பதில் எழுதியிருக்கலாம். ஆனால் ஏறக்குறைய இதே சொற்களை வேறு சிலரும் அனுப்பியிருக்கிறார்கள்; பதிலே போடாதவர்கள் அவர்களைவிட அதிகம். ஆகவே, பெயரைச் சொல்லாமல் எழுதுவதானால் எழுதிக்கொள் என்று நீ தந்த அனுமதியோடு, எல்லோரும் படிக்கும்படி இதை எழுதுகிறேன்.

மலர் இப்போது எப்படி இருக்கிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். இதுவரை வந்திருக்கும் குறிப்புகளை ஒருசேரப் படித்தால், நம்மோடு படித்த அனைவரும் துணைத் தலைவர்களாகவும் பேராசிரியர்களாகவும் சொந்த நிறுவனம் தொடங்கியவர்களாகவும் ஆகிவிட்டார்கள் என்றே தோன்றும். ஒருவர்கூட வேலை இழக்கவில்லை, ஒருவருக்கும் மணமுறிவு நேரவில்லை, ஒருவரும் படித்த துறையைவிட்டு விலகவில்லை. எழுதியவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு குறிப்பும் தனித்தனியே உண்மைதான். எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டினால் கிடைக்கும் சித்திரம்தான் உண்மையாக இல்லை. சொல்லிக்கொள்ளும்படி ஏதோ இருப்பதாக நினைத்தவர்கள் எழுதினார்கள், மற்றவர்கள் உன்னைப் போல ஒதுங்கிக்கொண்டார்கள்.

இது பழைய சிக்கல். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் 1924-இல் பட்டம் பெற்றவர்களின் சராசரி ஆண்டு வருமானம் 25,111 டாலர் என்று டைம் இதழ் ஒருமுறை எழுதியது. அந்தக் காலத்தில் அது பெரும் பணம். புள்ளிவிவரங்களைக் கொண்டு எப்படியெல்லாம் பொய் சொல்லலாம் என்பது பற்றி டாரெல் ஹஃப் எழுதி 1954-இல் வெளிவந்த புத்தகம், இந்த ஒற்றைச் செய்தியைப் பிரித்துப் பார்ப்பதில்தான் தொடங்குகிறது. பட்டம் பெற்று அத்தனை ஆண்டுகள் கழித்து யாருடைய முகவரி பல்கலைக்கழகத்திடம் இருக்கும், கேள்வித்தாள் கைக்குக் கிடைத்தவர்களிலும் யார் உட்கார்ந்து நிரப்பி அனுப்புவார்கள் என்று அவர் கேட்டார். முகவரி தொலைந்துபோனவர்களின் பட்டியலில் குமாஸ்தாக்களும் மெக்கானிக்குகளும் வேலையற்றவர்களும் அன்றாடப் பாட்டுக்கே திண்டாடும் எழுத்தாளர்களும் இருப்பார்கள் என்பது அவருடைய ஊகம். நம் மலரிலும் அதுவேதான் நடந்துகொண்டிருக்கிறது. நீ எழுதாமல் இருப்பது உன் பக்கத்தை மட்டும் வெறுமையாக்கவில்லை; எழுதிய மற்றவர்களின் பக்கங்களையும் சேர்த்துப் பொய்யாக்குகிறது.

பழி முழுவதும் உன்மீது இல்லை என்பதும் எனக்குத் தெரியும். முன்னாள் மாணவர் சங்கங்கள் வழக்கமாக அனுப்பும் படிவத்தை எடுத்துப் பார். தற்போதைய பதவி, நிறுவனம், பெற்ற விருதுகள், வெளியிட்ட கட்டுரைகள், வாழ்க்கைத் துணை, பிள்ளைகள் என்று கட்டங்கள் வரிசையாக இருக்கும். முனைவர் பட்ட ஆய்வைப் பாதியில் நிறுத்திவிட்டு, சிறுநீரகம் செயலிழந்த தந்தையை ஆண்டுக்கணக்கில் கவனித்துக்கொண்டவள் இதில் எந்தக் கட்டத்தை நிரப்புவாள்? வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். இயந்திரத்தில் உட்காரும் முன்பும் எழுந்த பின்பும் உடல் எடையைக் குறித்துவைக்க வேண்டும். இரண்டு அமர்வுகளுக்கு இடையில் குடிக்கும் நீரை அளந்து கொடுக்க வேண்டும். பொட்டாசியம் குறைய காய்கறிகளை நறுக்கி, வேகவைத்து, அந்த நீரை வடித்துவிட வேண்டும். அந்த எடைக் கணக்குகளை நீ ஆய்வுக்கூடக் குறிப்பேடு போலத் தேதி வாரியாக வைத்திருந்ததையும், மருத்துவர் கேட்ட எந்தக் கேள்விக்கும் பக்கத்தைப் புரட்டி விடை சொன்னதையும் நான் நேரில் பார்த்திருக்கிறேன். நம் ஆசிரியர்கள் உனக்குக் கற்றுக்கொடுத்த ஒழுங்கு, அவர்கள் எதிர்பார்க்காத இடத்தில் போய்ப் பயன்பட்டது. அதன் பிறகு, ஆய்வுக் கட்டுரைகளைத் திருத்திக் கொடுக்கும் பணியில் சேர்ந்து, உன்னைவிட வயதில் இளையவர்களின் கீழ் முதற்படியிலிருந்து தொடங்கினாய். இவ்வளவையும் வைத்துக்கொண்டு எழுதும்படி எதுவும் இல்லை என்கிறாய்.

தொகுக்கும் வேலையில் இன்னொன்றும் என் கண்ணில் பட்டது. நம்மிடையே இன்று இல்லாதவர்களுக்கென்று சில பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறோம். அவற்றைக் குடும்பத்தாரும் அறைத்தோழர்களும் எழுதியிருக்கிறார்கள். அங்கே பதவியைப் பற்றி யாரும் பேசவில்லை. தேர்வுக்கு முந்தைய இரவில் பக்கத்து அறைக்காரனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவன், கடன் கேட்டால் ஏன் என்று கேட்காமல் கொடுத்தவள், யார் மனம் தளர்ந்தாலும் முதலில் தொலைபேசியில் அழைத்தவன் என்றே எழுதியிருக்கிறார்கள். மறைந்தவர்களை மனிதர்களாக நினைவுகூரத் தெரிந்த நமக்கு, உயிரோடு இருப்பவர்களைப் பற்றி மட்டும் பதவிப் பட்டியல்தான் எழுத வருகிறது. இது எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

படித்து முடித்தவர்களின் வாழ்க்கை உண்மையில் எப்படிப் போகிறது என்பதைத் தெரிந்துகொள்ள ஒரு நல்ல சான்று இருக்கிறது. ஹார்வர்டில் 1938-இல் தொடங்கிய ஆய்வு அது. உடலும் மனமும் நலமாக, எதிர்காலத்தில் நன்றாக வருவார்கள் என்று தேர்ந்தெடுக்கப்பட்ட 268 மாணவர்களை அது முதுமை வரை பின்தொடர்ந்தது; பின்னாளில் குடியரசுத் தலைவரான ஜான் கென்னடியும் அவர்களில் ஒருவர். அவர்களுக்குக் கேள்வித்தாள்கள் தொடர்ந்து சென்றன, மருத்துவப் பரிசோதனை முடிவுகள் சேகரிக்கப்பட்டன, நேரில் சந்தித்துப் பேட்டியும் எடுத்தார்கள். அப்படிப் பொறுக்கி எடுத்தவர்களிலேயே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கினர், ஐம்பது வயதுக்குள் ஏதாவது ஒரு கட்டத்தில் மனநோய்க்கான அளவுகோலுக்குள் வந்திருந்தார்கள் என்று, அந்த ஆய்வை நெடுங்காலம் நடத்திய ஜார்ஜ் வேலன்ட் கண்டார். மதுவால் குலைந்த குடும்பங்களும் அவர்களிடையே இருந்தன. முதுமையில் நலமாக இருந்தவர்களைப் பற்றி அந்த ஆய்வு சொன்ன முக்கியமான செய்தியோ, அவர்களுக்கு நெருக்கமான உறவுகள் இருந்தன என்பது. ஹார்வர்டின் அந்த வகுப்புகளும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை சிவப்பு அட்டை போட்ட மலர் வெளியிடுகிறவைதான். மலரில் வந்ததை மட்டும் நம்பியிருந்தால் இவை யாருக்கும் தெரிந்திருக்காது. தங்கள் தோல்வியையும் துயரத்தையும் அந்த மாணவர்கள் மறைக்காமல் சொன்னதால்தான் நமக்கு இன்று தெரிகிறது.

இதில் நடைமுறைப் பயனும் உண்டு. அதைச் சொன்னால் நீ முகம் சுளிப்பாய் என்றாலும் சொல்கிறேன். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர், தெரிந்தவர் மூலம் புதிய வேலைக்குப் போனவர்களிடம், தகவல் சொன்னவரை அந்நாட்களில் எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டார். 1973-இல் அவர் வெளியிட்ட விடை இது: அடிக்கடி பார்ப்பதாகச் சொன்னவர்கள் 16.7 விழுக்காடு, எப்போதாவது பார்ப்பவர்கள் 55.6 விழுக்காடு, அரிதாகப் பார்ப்பவர்கள் 27.8 விழுக்காடு. தகவல் சொன்னவர் பல நேரங்களில் பழைய கல்லூரி நண்பராகவோ முன்பு உடன் வேலை பார்த்தவராகவோ இருந்தார். காரணம் எளிது. நாள்தோறும் பேசுகிறவர்களுக்கு நமக்குத் தெரிந்ததுதான் தெரியும். தூரத்தில் இருப்பவருக்கு வேறு உலகம் தெரியும். நம் வகுப்பில் ஒருவர் தன் தாய்க்கு டயாலிசிஸ் தொடங்க வேண்டும் என்ற நிலையில் இப்போது திகைத்து நிற்கக்கூடும். வேலையை விட்டுப் பல ஆண்டுகள் கழிந்த பிறகு எப்படித் திரும்பி நுழைவது என்று இன்னொருத்தி இரவெல்லாம் யோசித்துக்கொண்டிருக்கக்கூடும். அவர்களுக்குத் துணைத் தலைவர்களின் குறிப்புகள் உதவாது. உன்னுடையது உதவும். ஆனால் கேட்க வேண்டிய ஆள் நீதான் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும் அல்லவா?

எல்லாம்தான் லிங்க்ட்இன்னில் இருக்கிறதே என்று சிலர் சொல்கிறார்கள். அங்கே இருப்பது வேலை தருபவர் படிப்பதற்கானது. வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் வருவதோ அடுத்த நாளே வாழ்த்துச் செய்திகளுக்கு அடியில் புதைந்துவிடுகிறது.

சரி, எப்படி எழுதுவது? 'தற்போது இன்ன பதவியில் இருக்கிறேன்' என்று தொடங்காதே. நாள் முழுவதும் என்ன செய்கிறாய் என்பதிலிருந்து தொடங்கு. ஒரு கட்டுரை உன் மேசைக்கு வந்து, திருத்தம் முடிந்து வெளியே போகும்வரை அதற்கு நீ என்ன செய்கிறாய் என்று இரண்டு வாக்கியம் எழுதினால், நம்மில் பாதிப் பேருக்கு அது புதிய செய்தி. ஆய்வை விட்ட ஆண்டையும் வேலையில் சேர்ந்த ஆண்டையும் மறைக்காமல் போடு. இடைவெளியைக் கண்டு வெட்கப்படுகிறவர்கள் ஆண்டுகளைத்தான் முதலில் விழுங்குவார்கள், படிப்பவருக்கோ அதுதான் முதலில் தேவைப்படும். உன்னிடம் எதைப் பற்றிக் கேட்கலாம் என்பதை ஒரு வரியில் வெளிப்படையாகச் சொல். அப்பாவின் நோயைப் பற்றி எவ்வளவு சொல்வது என்பது உன் குடும்பத்தோடு பேசி முடிவு செய்ய வேண்டியது; அதில் நான் தலையிட மாட்டேன். மகிழ்ச்சியான செய்தி இருந்தால் அதையும் தயங்காமல் எழுது. துயரம் மட்டும்தான் நேர்மை என்று நான் சொல்லவில்லை. பதவி உயர்வு பெற்றவர் அதை எழுதுவதில் ஒரு குறையும் இல்லை. அதோடு சேர்த்து, அந்தப் பதவிக்காக எதை விட்டுக்கொடுத்தார் என்று ஒரு வரி எழுதும்படி அவர்களிடமும் கேட்டிருக்கிறேன். சிலர் குறிப்பைத் திரும்ப வாங்கி, முன்பைவிட நல்லதாக எழுதி அனுப்பியிருக்கிறார்கள்.

முகவரியும் தொலைபேசி எண்ணும் அச்சில் வராது. உன்னைத் தொடர்புகொள்ள விரும்புகிறவர்கள் எனக்கு எழுதினால், உன்னிடம் கேட்ட பிறகே கொடுப்பேன். அச்சுக்குப் போகும் முன் உன் பக்கத்தின் மெய்ப்பை உனக்கு அனுப்புகிறேன். ஒரு சொல் பிடிக்கவில்லை என்றாலும் அடித்துத் திருப்பி அனுப்பு, அப்படியே மாற்றுவோம். 150 சொற்கள் போதும். அதற்கு மேல் போனாலும் நான் வெட்ட மாட்டேன். உன் பெயரையும் துறையையும் மட்டும் போட்டு இந்த மலரை அச்சுக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அதனால் உன் பக்கத்தைக் கடைசியாக அச்சுக் கோக்கும்படி சொல்லி வைத்திருக்கிறேன். இந்த மாத இறுதிக்குள் அனுப்பிவிடு.

அன்புடன்,
உன் வகுப்புத் தோழி,
மலர்க் குழுவுக்காக