கேபிளின் மீது எண்ணைப் பொறியுங்கள்: எச்டிஎம்ஐ ஃபோரத்துக்கும் எச்டிஎம்ஐ உரிம நிர்வாக நிறுவனத்துக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியோருக்கு வணக்கம்.

கணினி மானிட்டர்களையும், அவற்றுக்குப் படத்தையும் ஒலியையும் கொண்டுசேர்க்கும் எச்டிஎம்ஐ கேபிள்களையும் தேர்ந்து பொருத்தித் தரும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். ஒரு கேபிள் வினாடிக்கு எத்தனை ஜிகாபிட் தரவு வரை தாங்கும் எனச் சோதித்துச் சான்றளிக்கப்பட்டிருக்கிறதோ, அந்த எண் அக்கேபிளின் இரு முனைகளிலும் அழியாதபடி பொறிக்கப்பட வேண்டும். மானிட்டரிலும் கிராஃபிக்ஸ் கார்டிலும் உள்ள ஒவ்வொரு எச்டிஎம்ஐ போர்ட்டுக்கும் அதே அளவையில் ஓர் எண் குறிக்கப்பட வேண்டும். என் கோரிக்கை இவ்வளவுதான்.

இன்று உங்கள் வரிசையில் ஸ்டாண்டர்டு, ஹை ஸ்பீடு, பிரீமியம் ஹை ஸ்பீடு, அல்ட்ரா ஹை ஸ்பீடு, அல்ட்ரா96 எனக் கேபிள்கள் நிற்கின்றன. ஹை ஸ்பீடு என்றால் 10.2 ஜிகாபிட், பிரீமியம் என்றால் 18, அல்ட்ரா ஹை ஸ்பீடு என்றால் 48 என்பது உங்கள் ஆவணங்களைப் படித்தவர்களுக்குத் தெரியும். கடையில் நிற்பவருக்கு இவை அனைத்தும் வேகத்தைப் புகழும் அடைமொழிகளாக மட்டுமே தெரிகின்றன. ஹை ஸ்பீடு என்று பெயர் சூட்டப்பட்ட காலத்தில் அது உண்மையாகவே அதிவேகம்தான். இப்போதோ 4கே (3840×2160 புள்ளி) படத்தை 60 ஹெர்ட்ஸில், அதாவது வினாடிக்கு 60 முறை, முழு வண்ண விவரத்தோடு அனுப்பவே ஏறத்தாழ 18 ஜிகாபிட் வேண்டியிருப்பதால், அப்பெயர் தாங்கிய கேபிளுக்கு ஒரு சாதாரண அலுவலக மானிட்டரை நிறைவு செய்யும் உத்தரவாதம்கூட இல்லை. அடைமொழிகளுக்கு உள்ள சிக்கல் இது: அவை பழசாகிவிடுகின்றன, ஆனால் பெட்டியின் மீது அப்படியே இருந்துவிடுகின்றன.

பெயர்கள் புரியாததால் வாங்குவோர் எச்டிஎம்ஐ தரநிலையின் பதிப்பு எண்ணைப் பிடித்துக்கொள்கிறார்கள். கேபிளைப் பதிப்பு எண்ணால் விளம்பரப்படுத்தக் கூடாது என்பது உங்கள் விதி, ஆயினும் இணையக் கடையில் தேடினால் "எச்டிஎம்ஐ 2.1 கேபிள்" என்றுதான் பக்கம் பக்கமாக வருகிறது. இதற்கு விற்பனையாளர்களை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. 2017ஆம் ஆண்டு இறுதியில் வெளியான 2.1 பதிப்பின் புதிய வசதிகள் எல்லாமே தயாரிப்பாளர் விரும்பினால் மட்டும் சேர்ப்பவை என்றும், 2.0 என்பது இனித் தனிப் பதிப்பாக இல்லை என்றும் 2021 டிசம்பரில் உரிம நிர்வாக நிறுவனமே உறுதிப்படுத்தியது. அதாவது, பழைய 2.0 திறன் மட்டுமே உள்ள சாதனமும் 2.1 என்ற பெயரைத் தாங்கலாம். ஆதரிக்கும் வசதிகளைத் தயாரிப்பாளர் தனியே சொல்ல வேண்டும் என்ற நிபந்தனையும் உடன் இருந்தது என்பதை மறுக்கவில்லை. பெரிய எழுத்தில் 2.1 என்று அச்சிட்டுவிட்டு, மற்றதைக் கையேட்டின் கடைசிப் பக்கத்தில் ஒதுக்கினாலும் அந்த நிபந்தனை நிறைவேறிவிட்டதாகவே கருதப்படுகிறது என்பதுதான் என் முறையீடு. விளையாட்டுக் கருவிகளான பிளேஸ்டேஷன் 5இன் போர்ட் 32 ஜிகாபிட்டோடும், எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸின் போர்ட் 40 ஜிகாபிட்டோடும் நின்றுவிடுகின்றன. இரண்டுக்கும் வழங்கும் அடையாளம் எச்டிஎம்ஐ 2.1.

கணினி மானிட்டர்களில் இந்த வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. 4கே, 144 ஹெர்ட்ஸ், ஒரு நிறத்துக்கு 10 பிட் என்று எடுத்துக்கொண்டால், படப்புள்ளிகளுக்கு மட்டுமே வினாடிக்குச் சுமார் 36 ஜிகாபிட் ஆகிறது. 24 ஜிகாபிட் போர்ட் உள்ள ஒரு மானிட்டர் படத்தைச் சுருக்கி அனுப்பச் செய்து இதைச் சமாளிக்கலாம். அந்தச் சுருக்கத்தைக் கண்ணால் கண்டுபிடிப்பது பெரும்பாலும் அரிது, அதன் மீது எனக்கு வெறுப்பும் இல்லை. ஆனால் கிராஃபிக்ஸ் கார்டு அந்தச் சுருக்கத்தை ஆதரிக்கவில்லை என்றால் 144 என்பது பெட்டியின் மீதுள்ள எண்ணாகவே தங்கிவிடும். அதன் பிறகு பலரும் செய்வது இன்னும் விலை கூடிய ஒரு கேபிளை வாங்குவது. தடை போர்ட்டில் இருக்கையில் கேபிளை மாற்றிப் பயனில்லை. அதை அவர்களுக்குச் சொல்லக்கூடிய எண் எங்கும் எழுதப்பட்டிருப்பதில்லை. மறுபுறம், தடை உண்மையிலேயே கேபிளில் இருக்கும்போது திரை சில நொடிகள் கறுத்து மீள்கிறது, அல்லது இணைப்பு ஓசையின்றிக் குறைந்த வேகத்துக்கு இறங்கிவிடுகிறது. அப்போது டிரைவர் மென்பொருள் மாற்றப்படுகிறது, நல்ல மானிட்டர் திருப்பி அனுப்பப்படுகிறது, கேபிளைச் சந்தேகிக்கும் எண்ணம் கடைசியில்தான் வருகிறது.

சான்றிதழ் ஸ்டிக்கர் இருக்கிறதே என்று நீங்கள் கூறலாம். கியூஆர் குறியீட்டோடு கூடிய அந்த ஸ்டிக்கர் நல்ல ஏற்பாடுதான், போலிகளைத் தடுப்பதற்கு அது உதவுகிறது. ஆனால் அது ஒட்டப்படுவது பெட்டியின் மீது. பெட்டி முதல் நாளே குப்பைக்குப் போய்விடுகிறது. கேபிளோ மூன்று மானிட்டர்களைக் கடந்தும் மேசைக்கு அடியில் கிடக்கிறது. இழுப்பறையில் ஒரே நிறத்தில் பின்னிக் கிடக்கும் கேபிள்களில் எது 18, எது 48 என்று தெரிய, தேய்ந்துபோன அச்செழுத்தைக் கைவிளக்கு வைத்துப் படிக்க வேண்டியிருக்கிறது. வீட்டு வயரிங் கம்பியைப் பாருங்கள்: 1.5, 2.5, 4 சதுர மில்லிமீட்டர் என்று அதன் உறையிலேயே அடிக்கொரு தரம் அச்சிட்டிருக்கும், பொறியியல் படிக்காத எலெக்ட்ரீஷியனும் அதைப் பார்த்தே வேலை செய்கிறார். எண் போட்டால் பொதுமக்கள் குழம்புவார்கள் என்ற வாதத்தை அதனால்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

இது நடக்காத காரியமும் அன்று. டிஸ்ப்ளேபோர்ட் என்ற மற்றொரு மானிட்டர் இணைப்பை நிர்வகிக்கும் வேசா அமைப்பு, தன் சான்றுபெற்ற கேபிள்களுக்கு டிபி40, டிபி80 என்று, தாங்கும் ஜிகாபிட்டையே பெயராக வைத்தது. யூஎஸ்பி அமைப்பும் 2022இல் சூப்பர்ஸ்பீடு போன்ற அடைமொழிகளைக் கைவிட்டு, ஜிகாபிட்டையும் வாட்டையும் முன்னிறுத்தும் முத்திரைகளுக்கு மாறியது. வேசாவின் வீட்டிலும் ஓட்டை இல்லாமல் இல்லை. 40, 54, 80 ஜிகாபிட் போர்ட்டுகள் மூன்றும் டிஸ்ப்ளேபோர்ட் 2.1 என்ற ஒரே பெயரில் விற்கப்படுகின்றன. எனினும் கேபிளைப் பொறுத்தவரை அவர்கள் உங்களைவிட நேர்மையாக நடந்திருக்கிறார்கள் என்பது என் கருத்து.

2025இல் வெளியான 2.2 பதிப்பில் அல்ட்ரா96 என்ற பெயரைக் கண்டபோது, ஒருவழியாக எண் வந்துவிட்டது என்று மகிழ்ந்தேன். கேபிளைப் பொறுத்தவரை அந்த 96 உண்மையாகவே 96 ஜிகாபிட். ஆனால் அதே பெயரை 64 அல்லது 80 ஜிகாபிட்டை உச்சமாகக் கொண்ட சாதனங்களும் சூட்டிக்கொள்ளலாம் என உங்கள் அறிவிப்பே சொல்கிறது. 96 என்று எழுதியிருக்கும் போர்ட்டில் 64தான் கிடைக்கும் என்றால், எண்ணே இல்லாத பழைய அடைமொழியே மேல் என்று தோன்றுகிறது. அதுவாவது பொய்யான அளவைச் சொல்லவில்லை.

2.2 சாதனங்கள் சந்தையில் பரவலாவதற்குள் இவ்விதியைத் திருத்துவது உங்கள் கையில் இருக்கிறது. 64 தாங்கும் போர்ட்டில் 64 என்றும், 80 தாங்கும் போர்ட்டில் 80 என்றும் எழுதச் செய்யுங்கள். பதிப்பு எண்ணை விளம்பரத்தில் பயன்படுத்தும் சாதனம் தன் உச்ச வேகத்தையும் அதே அளவு எழுத்தில், அதே வரியில் காட்ட வேண்டும் என்று உரிம ஒப்பந்தத்தில் சேர்த்துவிடுங்கள். சரிபார்ப்புக் குறியீட்டின் சிறிய வடிவம் ஒன்றைக் கேபிளின் முனைக்கருகே ஒட்டவும் ஏற்பாடு செய்தால், பெட்டியைத் தொலைத்தவர்களும் கேபிளின் சான்றைச் சரிபார்த்துக்கொள்ள முடியும்.

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
ஒரு பயனர்