சைக்கிள் கொட்டிலுக்குள் போன காரணம்

ஆசிரியர் அவர்களுக்கு,

காலநிலை மாற்றம் குறித்து மக்களுக்கு அக்கறை இல்லை எனத் தங்கள் ஞாயிறு பதிப்பின் தலையங்கம் வருந்தியிருந்தது. 2050 இல் காபன் நடுநிலையை எட்டுவதாக இலங்கை உறுதியளித்துள்ள நிலையில் அக்கவலை நியாயமானதே. ஆனால் பழியை மக்கள் தலையில் மட்டும் சுமத்துவதை ஏற்க முடியவில்லை. 2022 எரிபொருள் நெருக்கடியில் யாழ்ப்பாணமே சைக்கிளில் ஏறியது. ஐம்பத்தாறு வயதில் நானும் கொக்குவிலிலிருந்து நகருக்கு நாள்தோறும் மிதித்தேன் (ரியூப் விலையைக் கேட்டுத் தலைசுற்றியது வேறு கதை). பெற்றோல் வந்தபின்னும் சில மாதங்கள் விடவில்லை. ஒரு மாலை காங்கேசன்துறை வீதியில் பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடித்தபடியே உரசிச் செல்ல, வாய்க்கால் கட்டில் விழுந்து முழங்கை உரிந்தது. அன்றோடு சைக்கிள் கொட்டிலுக்குள் போய்விட்டது.

அவ்வீதியின் நகர்ப்புறப் பகுதியிலேனும் சைக்கிளுக்கென ஓரத்தில் ஒரு தடத்தை வரையறுக்க மாநகர சபையும் வீதி அபிவிருத்தி அதிகார சபையும் முன்வர வேண்டும். முதற்கட்டமாக, பாடசாலை தொடங்கும், முடியும் நேரங்களில் அங்கு வாகனங்கள் நிறுத்துவதைத் தடுத்துப் பார்க்கலாம்.

கொக்குவில் வாசகர்