தில்லிக்கு வரலாமா என்று கேட்டபோது உள்ளதை உள்ளபடி சொன்னவர்களுக்கு

அன்புள்ள தில்லித் தமிழ் உறவுகளுக்கும், ஊரிலிருந்தே வழிகாட்டிய நண்பர்களுக்கும் வணக்கம்.

வேலை உத்தரவைக் கையில் வைத்துக்கொண்டு போவதா வேண்டாமா என்று யோசித்த எங்கள் குடும்பங்களுக்கு, "வாங்க, எல்லாம் பழகிடும்" என்று ஒருவரும் சொல்லவில்லை. கேட்ட ஒவ்வொன்றுக்கும் கணக்கோடும் காரணத்தோடும் பதில் சொன்னீர்கள். அடுத்து இதே கேள்வியோடு நிற்பவர்களுக்கும் உதவும் என்பதால், நீங்கள் சொன்னவற்றை இந்த நன்றி மடலிலேயே எழுதிவைக்கிறோம்.

"பிப்ரவரியில வந்து பார்த்துட்டு முடிவு பண்ணாதீங்க. நவம்பர்ல ஒரு வாரம் தங்குங்க" என்ற ராமகிருஷ்ணபுரம் பெரியவருக்கு முதல் நன்றி. பிப்ரவரியில் தில்லி பூத்துக் குலுங்கும், யாருக்கும் பிடித்துப்போகும். தீபாவளியை ஒட்டிக் காற்றோட்டம் நின்றுவிடுகிறது. தரையருகே குளிர்ந்த காற்றும் அதன்மேல் சூடான காற்றும் படிவதால் வண்டிப் புகை, தூசி, வயலில் அறுவடைக்குப் பின் மிஞ்சிய நெல் தாளை எரித்த புகை எதுவும் மேலே போக வழியில்லை. காற்றுத் தரக் குறியீடு 300ஐத் தாண்டினால் 'மிக மோசம்', 400ஐத் தாண்டினால் 'கடுமை'. அப்போது சின்ன வகுப்புகளுக்கு ஆன்லைன் பாடமும், பழைய வண்டிகளுக்குத் தடையும் வரும். வீட்டில் ஆஸ்துமா உள்ளவர் இருந்தால் சம்பளத்தைப் பேசும் முன் இதைப் பேசுங்கள் என்று எச்சரித்த நுரையீரல் மருத்துவருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். 12க்கு 12 அடி அறைக்கு, மணிக்கு 200 கன மீட்டருக்குக் குறையாமல் காற்றைச் சுத்தம் செய்யும் ப்யூரிஃபையர் வேண்டும் என்று அவர்தான் கணக்குப் போட்டுக் காட்டினார். ஹாலுக்கு ஒன்று வாங்கி வீடு முழுக்கச் சமாளிக்க முடியாது. படுக்கையறையில் கதவைச் சாத்தி ஓடவிட்டால்தான் பலன்.

எல்லோரும் தில்லி என்று சொல்வது ஒரே ஊர் இல்லை என்று புரியவைத்தவர்களுக்கும் நன்றி. நொய்டாவும் காசியாபாத்தும் உத்தரப் பிரதேசம். குருகிராமும் ஃபரீதாபாத்தும் ஹரியானா. மெட்ரோவில் அரை மணி நேரம்தான், ஆனால் மின்கட்டணம், வண்டி வரி, போலீஸ் சரிபார்ப்பு எல்லாம் வேறு. தில்லிக்குள் வீட்டு இணைப்புக்கு 200 யூனிட் வரை மின்சாரம் இலவசம். ஆனால் வீட்டுக்காரர் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்குத் தனி விலை போட்டால் அந்தச் சலுகை குடியிருப்பவருக்குக் கிடைக்காது. முன்பணம் கொடுக்கும் முன் மீட்டரைப் பார்க்கச் சொன்னீர்கள். ஒப்பந்தம் 11 மாதத்துக்குத்தான் போடுவார்கள்; ஒரு வருடத்துக்கு மேல் என்றால் பதிவு செய்தாக வேண்டும். மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள தளம் வாடகை குறைவாக இருக்கும், ஜூனில் ராத்திரியிலும் சுவர் சுடும். தெற்கு பார்த்த பால்கனி என்றால் விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள் என்றார் மயூர் விகார் மாமி. குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் அந்த வீட்டுக்குத்தான் ஜனவரியில் வெயில் வரும்.

அதிக நன்றி யாருக்கு என்றால், சாமான் கட்டிக்கொடுத்த லாரி மேஸ்திரி அண்ணனுக்குத்தான். முன்பக்கம் கதவுள்ள வாஷிங் மெஷினைத் தூக்கும் முன் "டிரான்சிட் போல்ட் எங்கே?" என்று கேட்டார். மெஷின் புதிதாக வந்தபோது பின்பக்கத்தில் மாட்டியிருந்த நீளமான போல்ட்டுகள் அவை. டிரம் ஸ்பிரிங்கில் தொங்குவதால், அவை இல்லாமல் 2,000 கிலோமீட்டருக்கு மேல் குலுங்கினால் ஷாக் அப்சார்பர் உடைந்து, டிரம் இருக்கும் தொட்டி மெஷினின் வெளிக்கூட்டில் மோதும். வெளியே ஒரு கீறலும் இருக்காது, போட்டவுடன் கடகடவென்று ஆடும். போல்ட் தொலைந்திருந்தால் அந்த மாடலுக்கானதை சர்வீஸ் சென்டரில் வாங்கி மாட்டச் சொன்னார். ஃப்ரிட்ஜை முதல்நாளே அணைத்து, ஐஸ் உருகியபின் துடைத்து, நிமிர்த்தியே ஏற்ற வேண்டும்; படுக்கவைத்தால் கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்க்குள் போய்விடும். ஏ.சி.யைக் கழற்றும்போது கேஸை வெளி யூனிட்டுக்குள் இழுத்து வால்வை மூடி, செம்புக் குழாயின் வாயை டேப் ஒட்டி அடைக்கவும் அவர்தான் சொல்லித்தந்தார்.

பிறர் சாமானோடு சேர்த்து பார்ட் லோடில் போட்டால் பணம் மிச்சம், ஆனால் வழியில் சாமானை வேறு லாரிக்கு மாற்றுவார்கள். உடைவதும் காணாமல் போவதும் அங்கேதான். முழு வண்டி பேசினால் பூட்டுக்கு நீங்களே சீல் வைக்கலாம். பாதி வழியில் நிறுத்தி அதிகப் பணம் கேட்பவர்களும் உண்டு என்பதால், கொஞ்சம் முன்பணம், ஏற்றியபின் ஒரு பகுதி, பெரும்பகுதி இறக்கியபின் என்று எழுத்தில் வாங்கச் சொன்னீர்கள். வடக்கே பில்டி என்கிற லாரி ரசீதும், பெட்டிக்குப் பெட்டி எண் போட்ட பட்டியலும் கையில் இல்லாமல் வண்டியை அனுப்பக் கூடாது. இன்சூரன்ஸுக்குக் காசு வாங்கினால், காப்பீட்டு நிறுவனத்தின் பாலிசி எண்ணைக் கேளுங்கள். பயன்படுத்திய வீட்டுச் சாமானுக்கு, சரக்கு அனுப்புவதற்கான ஜி.எஸ்.டி. ஆவணமான இ-வே பில் தேவையில்லை. அதைச் சொல்லிப் பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

காருக்கும் பைக்குக்கும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 28இல் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும்; கடன் இருந்தால் வங்கியின் சம்மதமும் சேரும். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் புது எண் கட்டாயம். பழைய டீசல் வண்டியைக் கொண்டுவராமல் ஊரிலேயே விற்கச் சொன்ன மெக்கானிக்குக்குத் தனி நன்றி. தலைநகர்ப் பகுதியில் 10 வருடம் கடந்த டீசலுக்கும் 15 கடந்த பெட்ரோலுக்கும் வந்த கட்டுப்பாடுகள் நீதிமன்ற உத்தரவுகளோடு மாறிக்கொண்டே இருக்கின்றன.

பள்ளி விஷயத்தில் பொறுமையாகப் பதில் சொன்ன ஆசிரியைகளை மறக்க முடியாது. சி.பி.எஸ்.இ.யில் 9லும் 11லும் பொதுத்தேர்வுக்கான பெயர்ப் பதிவு நடப்பதால், 10லோ 12லோ நேராகச் சேர்ப்பது கடினம். எட்டாவது முடித்தோ பத்தாவது முடித்தோ மாற்றுவதே பிள்ளைக்கு நல்லது. அங்கே வகுப்பு ஏப்ரல் தொடக்கத்திலேயே ஆரம்பம். ஜூன் என்று நினைத்து இருந்தால் இடமும் போகும், பாடமும் போகும். தமிழ் விட்டுப்போகக் கூடாது என்பவர்களுக்கு தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் 7 பள்ளிகள் இருக்கின்றன. வீடு தேடும் முன் பள்ளியை முடிவு செய்யச் சொன்னது மிகச் சரியான யோசனை.

ஊரிலிருந்து கிளம்பும் முன் கேஸ் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து இணைப்பு முடிப்பு வவுச்சர் வாங்குங்கள், வைப்புத்தொகை திரும்பக் கிடைக்கும். குழாய் கேஸ் உள்ள வீடானால் அடுப்பில் கேஸ் வரும் சிறு துளையான ஜெட்டை மாற்றாமல் பற்றவைத்தால் தீ சோம்பிச் சிறுத்துத்தான் எரியும். மாவு ஜனவரியில் பொங்கவே பொங்காது. விளக்கு மட்டும் எரியும் ஓவனுக்குள் ராத்திரி வைத்தால் காலையில் இட்லி உண்டு. ஜூனில் அதே மாவு நாலு மணி நேரத்தில் புளித்துவிடும், கவனம்.

சம்பள உயர்வில் எவ்வளவு மிஞ்சும் என்று உட்கார்ந்து கூட்டிக்காட்டிய அண்ணாச்சி, வருடத்துக்கு இரண்டு முறை குடும்பத்தோடு ஊர் போகும் செலவை முதல் வரியில் எழுதினார். ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்புதான் திறக்கிறது; பொங்கலுக்கும் மே மாதத்துக்கும் அன்று தவறினால் விமானம்தான். ஹீட்டர், ரஜாய் என்கிற கனமான பஞ்சுப் போர்வை, ப்யூரிஃபையர், வண்டி வரி, பள்ளிச் சேர்க்கை என்று முதல் வருடச் செலவைக் கழித்துப் பார்த்த சிலர், இந்த வேலை வேண்டாம் என்று ஊரிலேயே இருந்துவிட்டார்கள். அந்தக் குடும்பங்களும் உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னார்கள்.

மிக்க அன்புடன்,
மதுரை, ஈரோடு, திருநெல்வேலியிலிருந்து
தில்லி வந்த குடும்பங்கள்